தேறாதவை

பீல் நகரத்துத் தொழிற்சாலையில் என் வேலை
குறை கண்டுபிடிப்பது.
நாளொன்றுக்கு எழுநூறு மணிக்கூட்டு முகங்கள்
கண்ணில் செருகிய உருப்பெருக்கியின் கீழே வரும்.
ஒரு தூசி, ஒரு கீறல்,
பன்னிரண்டுக்குப் பக்கத்தில் கசிந்த ஒரு புள்ளி:
தேறாது.
இடுக்கியால் தூக்கிச் சிவப்புத் தட்டில் வைப்பேன்.
யாரும் என்னோடு வாதாடியதில்லை.

ஐந்து மணிக்கு உருப்பெருக்கியைக் கழற்றலாம்,
கண்ணைக் கழற்ற முடிவதில்லை.
பஸ்ஸில் முன்னால் இருப்பவரின் காலர் மடிப்பு,
சோற்றில் ஒரு கல்,
மகன் எழுதிய ஜெர்மன் வாக்கியத்தில் இடம் தவறிய வினைச்சொல்,
கண்ணாடியில் நான்.
இரவு இரண்டு மணிக்கு
என் நாற்பத்து நான்கு வருடங்களையும்
ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.
சிவப்புத் தட்டு நிறைந்து வழியும்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை,
குடை எடுக்காத குற்றத்துக்கு
மழை என்னைத் துரத்திக்கொண்டுபோய்
ஓர் ஓவியக்கூடத்துக்குள் விட்டது.
நுழைவுக்காசு பதினொரு பிராங்க்.
பதினொரு பிராங்குக்கு என்னென்ன வாங்கலாமென்று
மனதுக்குள் பட்டியல் போட்டபடியே கொடுத்தேன்.

மூன்றாவது அறையில் ஏரி.
நாங்கள் தினமும் கடந்துபோகும் அதே ஏரிதான்,
யாரோ ஒருவர் அதை நின்று பார்த்திருந்தார்.
ஓவியர் பெயர் தெரியவில்லை என்று எழுதியிருந்தது.
பழக்கதோஷம், கிட்டப் போனேன்.
இடது மூலையில், மேகம் வெளுக்கும் இடத்தில்
தூரிகையின் ஒற்றை மயிர்
சாயத்தோடு காய்ந்து அப்படியே கிடந்தது.

என் கை தானாக இடுக்கியைத் தேடியது.

நூற்றுச் சொச்சம் வருடமாய்
அந்த மயிரோடுதான் அந்த வானம் தொங்குகிறது.
அதற்குத் தங்கநிறச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.
காப்புறுதி செய்திருக்கிறார்கள்.
காவலுக்கு ஒரு மனிதர் கதிரை போட்டு இருக்கிறார்.
நான் சிரித்த சத்தத்துக்கு அவர் எழும்பி வந்தார்.
விரலால் காட்டினேன்.
"பதினாறு வருடமாய் இங்கே இருக்கிறேன்,
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.
பேந்து இரண்டு பேரும் சும்மா நின்றோம்
மயிரைப் பார்த்தபடி.
ஏரி கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது.

அன்றிரவு சமையல் மேசையில்
ஒரு பேரிக்காய் வரைந்தேன்.
தாள் இல்லை.
காப்புறுதிக் கம்பனி அனுப்பிய
சன்னல் வைத்த கடித உறையைப் பிரித்து அதில் வரைந்தேன்.
யானைக்குட்டி போல் வந்தது.
"ஆர் இது?" என்றான் அபிஷன்.
"பேரிக்காய்."
"தும்பிக்கை எங்கே போகுது?"
பென்சிலைப் பறித்து அவனே காதும் வைத்தான்.
குளிர்ப்பெட்டிக் கதவில் இன்னும் இருக்கிறது,
பல்வைத்தியரின் தவணை அட்டைக்குப் பக்கத்தில்.

இப்போது நான் உறைகளை எறிவதில்லை.
இந்த நாட்டில் அவற்றுக்குப் பஞ்சமுமில்லை.
வரி, வாடகை, மின்சாரம், பள்ளிக்கூடம்,
எல்லாவற்றிலும் ஒரு சின்னச் சன்னல்.
அந்தச் சன்னலைச் சுற்றி வீடு வரைகிறேன்.
சுவர் சரியும். புகைபோக்கி காற்றுக்குச் சாயும்.
என் பெயரும் விலாசமும் எட்டிப்பார்த்த இடத்தில்
ஒரு பூனையை இருத்துவேன்,
சில நாள் விளக்கு.

வரி கட்டத்தான் வேண்டும்.
பூனை கடனைக் குறைக்காது.
ஆனால் கடிதப்பெட்டியைத் திறக்கும்போது
முன்பு போல் வயிறு பிசைவதில்லை;
உறை என்ன அளவு, சன்னல் எந்தப் பக்கம்,
அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

வேலையில் நான் ஒன்றும் மாறிவிடவில்லை.
சுசானைக் கேளுங்கள், கணக்கு அதே கணக்கு.
நேற்றும் ஒரு முகம் வந்தது, வெள்ளியாய், வடிவாய்,
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்
கண்ணிமை அளவு ஒரு நார்.
சிவப்புத் தட்டில்தான் வைத்தேன்.
வைக்கும் முன்
விளக்கின் கீழ் ஒருமுறை மெல்லத் திருப்பினேன்.
அந்த நார் ஒரு பக்கம் மினுங்கி
மறுபக்கம் நிழல் விழுத்தியது
நேரம் காட்டுகிற மாதிரி,
எந்த நேரமென்று சொல்லாமல்.